உக்கிராணச் சாவி

அறுபது எலுமிச்சம்பழம். அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. அவர்களும் அறுபதைத்தான் பிழிந்தார்கள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அன்றைக்குச் சந்தையிலிருந்து வந்த பழம் ஒவ்வொன்றும் சாத்துக்குடி அளவு இருந்தது. சமையல்காரர்கள் பன்னிரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் பிழிந்தார்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு மறுவீட்டு விருந்து அது. திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு போட்டாக வேண்டும். தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் வேகவைத்து, இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு விடுகிற குழம்பு. கல்யாணத்தன்று சாம்பாரில் உப்பு கூடினால் மன்னித்துவிடுவார்கள். சொதி கெட்டால் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிக் காட்டுவார்கள்.

பெண்ணின் தாய்மாமன் முதல் கவளத்தை வாயில் வைத்தார். கண்ணை இறுக்க மூடித் திறந்தார்.

"புளிக்குழம்பு நல்லா வச்சிருக்காங்க" என்றார் பக்கத்து இலைக்காரரிடம்.

விருந்தை ஏற்று நடத்தியவள் உலகம்மாள். ஐம்பத்தோரு வயது. கணவர் சங்கரலிங்கம் போன பிறகு பன்னிரண்டு வருஷமாகக் கல்யாணச் சமையல் தொழிலைத் தனி ஆளாக நடத்துகிறாள். காதில் அந்தச் சொல் விழுந்ததும் சமையல்கட்டுக்குப் போனாள்.

"அண்ணாச்சி, பழம் இத்தாம் பெருசா இருக்கே. கண்ணுல படலியா?"

ஆவுடையப்பன் தலைமைத் தவசிப்பிள்ளை. கல்யாணச் சமையல்காரரை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வயது அறுபத்தொன்று. அதில் முப்பது வருஷம் இந்த அடுப்படியில் போனது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார்.

"அறுபதுன்னு நீங்கதானம்மா போட்டிருக்கிய."

மற்ற பதினோரு பேரும் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்திலும் வருத்தம் இல்லை.

அந்த அட்டை வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தை மாதம் இருபத்து நாலாம் தேதிக்கு உலகம்மாள் இரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தாள். ஒன்று பாளையங்கோட்டை, ஒன்று தென்காசி. இரண்டு இடத்திலும் எண்ணூறு இலை. மறுநாள் இரண்டு இடத்திலும் சொதி. ஆனால் ஆவுடையப்பன் ஒருவர்தான். அவர் உப்பைக் கையால் அள்ளிப் போடுவார், மிளகாய்வத்தல் பொடியை ஒரு பழைய தேங்காய்ச் சிரட்டையால் அளப்பார். சமைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் கிடையாது. ஆவியை மோந்து பார்த்தே உப்புச் சொல்வார். அந்தக் கையையும் மூக்கையும் தென்காசிக்கு எப்படி அனுப்புவது?

ஆகவே உலகம்மாள் மின்தராசு வாங்கினாள். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அளவு எழுதி, அட்டை போட்டுச் சுவரில் மாட்டினாள். அதோடு நின்றிருக்கலாம். ஆவுடையப்பன் இல்லாத நேரம் பார்த்து அந்தச் சிரட்டையை எடுத்து அடுப்பில் போட்டாள்.

அதன் பிறகு யாரும் அவளிடம் சண்டை போடவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். அறுபது என்றால் அறுபது.

விருந்து முடிந்து பாத்திரம் ஏற்றும்போது ஆவுடையப்பன் வந்து நின்றார்.

"மார்கழியோட நாங்க நின்னுக்கிடுதோம்மா. பன்னிரண்டு பேரும்."

"தை இருபத்து நாலு?"

"அதான் அட்டை இருக்கே."

உலகம்மாள் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

கோவில்பட்டியில் ஜெபகனி என்று ஒருத்தி இருக்கிறாள். முப்பத்து நாலு வயது. காலையில் பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி பயிற்சி. பயிற்சி முடிகிற நேரத்துக்கு, தொழில் நடத்துகிறவர்கள் அவளைத் தேடி வருவார்கள். எப்படி ஆரம்பித்ததென்றால், மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு கடலைமிட்டாய் முதலாளி மைதானத்தில் நின்று புலம்பியிருக்கிறார். ஜெபகனி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அவர் அப்படியே மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுமாதம் இன்னொரு முதலாளியை அனுப்பிவைத்தார். இப்போது வேப்பமரத்தடியில் வருகிறவர்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது.

அவளுக்குக் கட்டணம் கிடையாது. வருகிற நாளெல்லாம் பிள்ளைகள் நாற்பது பேருக்குக் காலைச் சாப்பாடு கொண்டுவர வேண்டும்.

"நீங்க சமையல் கம்பெனி. தப்பிச்சிட்டீங்க" என்றாள் ஜெபகனி, தன்னைத் தேடி வந்த உலகம்மாளிடம், இட்லிப் பாத்திரங்கள் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே.

உலகம்மாள் நடந்து வந்தபோதே சத்தம் கேட்டது. இடுப்பில் சாவிக்கொத்து. ஸ்டிக்கைத் துடைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கோச், எனக்கு ஒரே கேள்விதான். மாற மாட்டேன்னு நிக்கிற ஆளுகளை எப்படி மாத்துறது?"

"ஓடத் தெரியுமா அக்கா?"

"என்னது?"

"மைதானத்தைச் சுத்தி ஒரு ரவுண்டு. முடியலன்னா வேகமா நடங்க."

உலகம்மாளுக்கு இது என்ன கூத்து என்றிருந்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். நாலடி ஓடியதும் சாவிக்கொத்து குதித்து இடுப்பில் அடித்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வலது கையை மட்டும் வீசிக்கொண்டு பாதி ஓட்டமும் பாதி நடையுமாகச் சுற்றி வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"மூச்சு வாங்குது."

"சரி. நாளைக்கழிச்சு வாங்க."

"கேட்டதுக்குப் பதில்?"

"நாளைக்கழிச்சு சட்னி கொஞ்சம் கூட வையுங்க. பிள்ளைகளுக்குப் பத்தலை."

ஐம்பது கிலோமீட்டர் கார் ஓட்டி வந்து, ஓடிவிட்டுத் திரும்பிப் போனாள் உலகம்மாள். கயத்தாறு தாண்டும்வரை ஜெபகனியைத் திட்டிக்கொண்டே போனாள். சொன்ன நாளில் சட்னி இரண்டு வாளி கொண்டுவந்தாள்.

அன்றைக்கு ஜெபகனி ஓடச் சொல்லவில்லை.

"ஆவுடையப்பன் என்னதான் சொல்றாரு?"

"என்ன சொல்வாரு? இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுதுங்காரு. ஒரு நாளாவது தப்பு வந்திருக்காங்காரு. இன்னொருத்தர் கைக்குப் போச்சுன்னா எல்லாம் கெட்டுப்போயிருமாம்."

"இடுப்புல என்ன சாவி அக்கா?"

"உக்கிராணத்துச் சாவி."

உக்கிராணம் என்றால் சாமான் அறை. அரிசி, பருப்பு, நெய், பெருங்காயம் எல்லாம் அங்கேதான் இருக்கும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் உலகம்மாள் முதலில் செய்கிற வேலை, அங்குள்ள சாமான் அறைக்குத் தன் பூட்டைப் போடுவதுதான்.

"தவசிப்பிள்ளைக்குப் பெருங்காயம் வேணும்னா?"

"எங்கிட்ட வந்து கேப்பாரு. நான் திறந்து எடுத்துக் குடுப்பேன்."

"அந்தச் சாவியை அவர்கிட்ட குடுத்திருங்க."

உலகம்மாள் சிரித்தாள். ஜெபகனி சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"அது எப்படி கோச்? இத்தனை வருஷமா இப்படித்தான் ஓடுது. ஒரு நாளாவது தப்பு வந்திருக்கா? இன்னொருத்தர் கைக்குப் போச்சுன்னா எல்லாம் கெட்டுப்போயிரும்."

ஜெபகனி மைதானத்துப் பக்கம் பார்த்தாள்.

"இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே."

"எங்க?"

"இங்கதான். இப்பத்தான்."

உலகம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது வேற, இது வேற. உங்களுக்கு என்ன தெரியும்? அவுக செத்து முப்பது நாள்கூட ஆகல. உக்கிராணத்துல இருந்து ரெண்டு டின் நெய் போயிட்டு. எனக்கு நெய் போனதுகூடப் பெருசில்ல. அழுதுக்கிட்டுக் கிடக்க வீட்டுல எடுத்தானேன்னு இருந்துச்சு. அன்னைக்குச் செருகின சாவி இது."

"யார் எடுத்தது?"

"தெரியாது. இன்னை வரைக்கும் தெரியாது."

"ஆவுடையப்பனா?"

"சே. அவர் அந்த ஜோலிக்கே போகாத மனுசன். நான் ஒரு நாளும் அவரை நினைச்சதில்ல."

"அது அவருக்குத் தெரியுமா?"

"எது?"

"நீங்க அவரை நினைக்கலங்கிறது."

உலகம்மாள் சாவிக்கொத்தைக் கையால் மூடினாள். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் கோவில்பட்டிப் பக்கம் வரவில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம்தான் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவார்கள். உலகம்மாள் வீட்டுப் பின்கட்டில் அண்டாவும் உருளியும் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஆவுடையப்பன் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்பது நாளில் போகிற ஆள். ஆனாலும் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை.

உலகம்மாள் வந்து சாவிக்கொத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"என்ன எடுக்கணும்மா?"

"ஒண்ணும் எடுக்க வேண்டாம். நீங்க வச்சிக்கிடுங்க."

"எதுக்கு?"

"உக்கிராணத்தை இனிமே நீங்க பாருங்க. என்ன வாங்கணும், எவ்வளவு வாங்கணும், எதை எந்த மண்டபத்துக்கு அனுப்பணும், எல்லாம்."

ஆவுடையப்பன் கையை நீட்டவில்லை. துண்டை எடுத்து ஈரமில்லாத கையைத் துடைத்தார்.

"எல்லாத்தையும் எடை போட்டுப் பாத்துட்டுத் தாரியளா?"

"இல்ல. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல."

"எதுவும் காணாமப் போச்சுன்னா?"

"போகட்டும்."

அடுப்பில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. பூசுகிறவர் நவச்சார உப்பைத் தேய்த்தார், வெள்ளைப் புகை எழுந்தது. அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு ஆவுடையப்பன் பேசினார்.

"பன்னிரண்டு வருஷம் அந்தக் கதவுக்கு வெளியே நின்னு பெருங்காயம் கேட்டிருக்கேன். உங்க வீட்டுக்காரர் இருக்கும்போது நான் எதையும் கேட்டதில்ல. போவேன், எடுப்பேன். நெய் போன மறுநாள் நீங்க பூட்டுப் போட்டிய. ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே இல்ல."

"தப்பு என்னுதுதான் அண்ணாச்சி. கேக்காம விட்டது தப்பு. உங்க சிரட்டையை அடுப்புல போட்டதும் தப்பு."

சொல்லும்போதே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆவுடையப்பன் அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு, சாவியை வாங்கி மடியில் செருகினார்.

போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ அவர் சொல்லவில்லை. உலகம்மாளும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பத்து தடவையாவது கை இடுப்புக்குப் போயிருக்கும்.

மறுநாள் காலை மளிகைக் கடைக்காரர் தை மாதச் சாமான் பட்டியல் கேட்டு ஆள் அனுப்பினார். எப்போதும் உலகம்மாள் எழுதித் தருவாள். ஆண்டாண்டாக எழுதி எழுதி அவளுக்கு ஒரு உத்தேசம் உண்டு. கூடினால் வீட்டில் கிடக்கும், குறைந்தால் ஓடிப்போய் வாங்குவாள்.

இந்தத் தடவை பட்டியல் ஆவுடையப்பனிடம் போனது.

"ரெண்டு மண்டபத்துக்கும் சேத்து உப்பு எவ்வளவு அண்ணாச்சி?"

"ஒரு அண்டாவுக்கு அஞ்சு கை."

"கடையில கைக்கணக்கு கிடையாதே. கிலோவுல சொல்லுங்க."

ஆவுடையப்பன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷமாக அள்ளிப் போட்ட கை. அது எவ்வளவு அள்ளுகிறது என்று அவருக்கே தெரியாது.

"சாயங்காலம் வாருமே" என்று ஆளை அனுப்பிவிட்டார்.

பிறகு சாவியை எடுத்து உக்கிராணத்தைத் திறந்தார். உள்ளே ஒரு மூலையில், அட்டைப்பெட்டிக்குள், அந்த மறுவீட்டு விருந்துக்குப் பிறகு யாரும் தொடாத மின்தராசு கிடந்தது. அதை எடுத்துத் தூசி தட்டினார்.

உலகம்மாள் மாடிச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கத் துடித்த காலை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆவுடையப்பன் கல்லுப்பு மூட்டையைப் பிரித்தார். ஒரு கை அள்ளித் தட்டில் போட்டார். எண்பத்தஞ்சு கிராம். தட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு கை. எண்பத்து நாலு. அடுத்தது எண்பத்தஞ்சு. அதற்குள் மற்றவர்கள் கூடிவிட்டார்கள். அவருக்கு அடுத்த இடத்தில் இருந்த மாசானம், முப்பத்தெட்டு வயதுக்காரர், கரிக்கட்டையால் சுவரில் எழுதிக்கொண்டே வந்தார். பத்துக் கை அள்ளினார். எண்பத்து நாலுக்குக் கீழே போகவில்லை, எண்பத்தாறுக்கு மேலே ஏறவில்லை.

ஆவுடையப்பன் நிமிர்ந்தார்.

"தராசு பரவால்ல. சரியாத்தான் காட்டுது" என்றார்.

மாசானம் அள்ளினார். அறுபத்தெட்டு.

"பாத்தியா. எங்கூடவே பதினாறு வருஷம் நிக்க. அஞ்சு கைன்னு நான் சொல்லுவேன், நீயும் அஞ்சு கைதான் போடுவே. உன் சொதி ஏன் சப்புன்னு இருக்குன்னு இத்தனை நாளா யோசிச்சிருக்கேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாசானம்தான் அதிகம் சிரித்தார். பதினாறு வருஷமாக அவருக்குத் தன் கைராசியின்மேல் சந்தேகம் இருந்தது. கைராசியில் குறை இல்லை, கைதான் சின்னது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதோடு விடவில்லை. அடுத்த பதினைந்து நாளும் அந்தப் பின்கட்டில் ஒரே அளப்புத்தான். வத்தல் பொடி, இஞ்சி, பச்சைமிளகாய், பாசிப்பருப்பு எல்லாம் தராசில் ஏறி இறங்கின. ஒரு நாள் ஆவுடையப்பன் மேலே வந்தார். கையில் பழைய சொதி அட்டை.

"இதை எழுதினது நீங்கதானம்மா?"

"நான்தான்."

"எலுமிச்சைக்கு எண்ணிக்கை போடக்கூடாது. பழம் இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. சாறைப் பிழிஞ்சு டம்ளர்ல அளக்கணும். வேற அட்டை எழுதுங்க, நான் சொல்லுதேன்."

உலகம்மாள் பேனாவை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். மார்கழி எப்போது முடிந்தது என்று இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

இரண்டு கல்யாணமும் நன்றாக முடிந்தன. மறுநாள்தான் சொதி.

தென்காசிக்கு மாசானமும் ஐந்து பேரும் போயிருந்தார்கள். பாளையங்கோட்டையில் ஆவுடையப்பனும் மற்ற ஐந்து பேரும். காலை எட்டரை மணிக்கு ஆவுடையப்பனின் போன் அடித்தது. மாசானம்தான். உலகம்மாள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அண்ணாச்சி, இங்க வாங்கின தேங்காயெல்லாம் இளசு. பால் தண்ணியா வருது."

இப்போது கார் எடுத்தால்கூட அறுபது கிலோமீட்டர். உலகம்மாளின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

"எத்தனை காய் உடைச்சே?" என்றார் ஆவுடையப்பன்.

"அட்டையில உள்ளபடி இருநூறு."

"உக்கிராணத்துல நீலச் சாக்கு ஒண்ணு கிடக்கும் பாரு. முத்தின காய் நாற்பது கட்டி அனுப்பிருக்கேன். அதை உடை. அந்த முதல் பாலை மட்டும் கடைசியா விடு. விட்டதும் இறக்கிரு, கொதிக்க விடாதே."

"அட்டையில அது இல்லியே அண்ணாச்சி."

"அப்ப எழுதிச் சேரு."

போனை மடியில் செருகிவிட்டுக் கரண்டியை எடுத்தார். உலகம்மாள் அவரையே பார்த்தாள்.

"நீலச் சாக்கு எப்ப கட்டினிய?"

"போன வாரம். தென்காசிக் காயை நம்ப முடியாது."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சாவி எங்கிட்டல்லா இருக்கு."

பன்னிரண்டு மணிக்குப் பந்தி ஆரம்பித்தது. உலகம்மாளுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. திறக்கக் கதவில்லை, எடுத்துக் கொடுக்கச் சாமான் இல்லை. பந்தியில் அங்கும் இங்கும் நடந்தாள். அப்போதுதான் இரண்டாவது வரிசையில் அந்தத் தாய்மாமனைப் பார்த்தாள். அறுபது எலுமிச்சம்பழத்தின்மேல் கண்ணை மூடித் திறந்தவர். இந்தக் கல்யாணத்துக்கும் சொந்தம் போலிருக்கிறது.

அவர் இலையில் சொதி ஊற்றினார்கள். உலகம்மாள் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

அவர் சாப்பிட்டார். இஞ்சிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டார். மறுபடியும் சொதி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, ஊற்ற வந்தவரின் வாளியைக் கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார்.

"இதை இங்கனயே வச்சிட்டுப் போரும்" என்றார்.

நாலு மணிக்குத் தென்காசி வேன் வந்தது. மாசானம் ஒரு தூக்குவாளியில் அங்குள்ள சொதியைக் கொடுத்தனுப்பியிருந்தார். வாளிக்கு மேலே ஒரு துண்டுத் தாள். 'எண்ணூறு இலை. அண்டாவை வழிச்சுட்டாங்க. இதை ஒளிச்சு வச்சுத்தான் அனுப்புதேன்.'

ஆவுடையப்பன் எப்போதும் கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் இலை போடுவார். அன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தார். உலகம்மாள் இரண்டு கிண்ணத்தில் சொதி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஒண்ணு உங்களுது. ஒண்ணு தென்காசி. எதுன்னு சொல்லுங்க."

அவர் முதல் கிண்ணத்தை மோந்தார். இரண்டாவதை மோந்தார். இதில் ஒரு வாய், அதில் ஒரு வாய். மறுபடி இதில் ஒரு வாய். சமையல்கட்டே அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. முப்பது வருஷத்தில் அவர் மூக்கு ஏமாந்து யாரும் பார்த்ததில்லை.

பிறகு இரண்டு கிண்ணத்தையும் ஒரே இலையில் கவிழ்த்தார்.

"ரெண்டும் என் கைதான்" என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தில் சமையல்கட்டில் எழுந்த சத்தம் மண்டப வாசல்வரை கேட்டது. உலகம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். அவர் பக்கத்திலேயே தனக்கும் ஒரு இலை போடச் சொன்னாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கல்யாண வீட்டில் அவள் உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

சாப்பிட்டு முடிக்கும்போது மெல்லக் கேட்டாள்.

"வேற இடம் பாத்தாச்சா அண்ணாச்சி?"

"பாத்தாச்சு."

உலகம்மாளின் கை இலையிலேயே நின்றது.

"எங்க?"

"தென்காசியில. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு வீடு காலியா இருக்காம், பின்கட்டு பெருசாம். நம்ம ஒரு அடுப்படி போடலாம், மாசானம் பாத்துக்கிடுவான்." மோர் ஊற்றிக்கொண்டார். "உக்கிராணத்துக்கு வேற பூட்டு வாங்கணும். அந்தச் சாவி அவன்கிட்ட இருக்கட்டும்."

அந்த வாரமே உலகம்மாள் கோவில்பட்டிக்குப் போனாள். நாற்பது பேருக்கு இடியாப்பமும் சொதியும் இறங்கின. பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கி, சாப்பிட்டு, மறுபடி வரிசையில் நின்றார்கள்.

ஜெபகனி தட்டோடு வேப்பமரத்தடிக்கு வந்தாள். உலகம்மாள் வந்த சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை.

உலகம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பு, தராசு, நீலச் சாக்கு, இரண்டு கிண்ணம், தென்காசி வீடு. ஜெபகனி சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்திலும் குறுக்கே பேசவில்லை.

"ஆனா கோச், நான் முதல் நாள் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"மாற மாட்டேன்னு நிக்கிற ஆளுகளை எப்படி மாத்துறதுன்னு."

"ஒரு ரவுண்டு ஓடிட்டு வாங்க."

"திரும்பவுமா?"

"சொதி சாப்பிட்டு முடிக்க எனக்கு அவ்வளவு நேரம் ஆகும்."

உலகம்மாள் செருப்பைக் கழற்றினாள். முந்தானையைச் செருகிக்கொண்டு, கைகளை வீசி ஓடினாள். முதல் திருப்பத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள். இரண்டாவது திருப்பத்தில் அவளே சிரித்துவிட்டாள். எங்கேயும் நடக்கவில்லை, முழு ரவுண்டும் ஓடி வந்தாள்.

வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"இப்பவாவது சொல்லுங்க."

ஜெபகனி தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உங்களுக்கு ரெண்டு கை இருக்குன்னு நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."